கிரேக்கம் என்ற பெயரில் ஆங்கிலம்

"மூலபாஷையில் இச்சொல்லுக்குப் பொருள் வேறு" என்னும் பேச்சு இந்நாளில் நம் தமிழ்க் கிறித்தவ மேடைகளில் அடிக்கடி கேட்கிறது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தமிழில் வழிபாடு நடத்தும் சபைகள் பல உள. அவற்றின் ஞாயிற்றுக்கிழமைச் செய்திகளிலும், வீடுகளில் கூடும் வேதபாட வகுப்புகளிலும் பேசுவோர் சிலர், தமிழ் வேதாகமத்தில் ஒரு வசனத்தைப் படித்த கையோடு கைப்பேசியை எடுக்கின்றனர். செயலியில் அதே வசனத்தின் ஆங்கிலத்தைத் திறந்து ஒரு சொல்லைத் தொடுகின்றனர். ஓர் எண் தோன்றுகிறது. எண்ணைத் தொட்டால் கிரேக்கச் சொல் ஒன்றும் அதன்கீழ்ச் சில வரிகளும் தோன்றுகின்றன. உடனே, தமிழில் உள்ளது சரியில்லை, கிரேக்கத்தில் வேறாக இருக்கிறது என்ற தீர்ப்புப் பிறக்கிறது. கேட்போர் தலையசைக்கின்றனர். கிரேக்கம் என்றதும் மறுபேச்சின்றி அடங்கிவிடுவது நம்மவர் வழக்கமாகிவிட்டது.

இது சமயத்தார் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய செய்தி, தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சொல், பொருள், அகராதி, மொழிபெயர்ப்பு ஆகிய நான்கும் தமிழாசிரியரின் துறைகள் அல்லவா? வாரநாளில் நம்மிடம் தமிழ் பயிலும் மாணவருள் ஒரு பகுதியினர், ஞாயிறன்று அவ்விடங்களில் அமர்ந்து, தம் தாய்மொழியில் உள்ள நூல் குறைபட்டது என்றும், அக்குறையை ஆங்கிலத்தின் வழியாகத்தான் நிரப்பவியலும் என்றும் சேர்த்தே கற்றுக்கொள்கின்றனர். அப்பாடம் பிழையானது என்பதே என் வாதம். அவர்கள் கைப்பேசியில் திறந்து பார்ப்பதைக் கிரேக்கம் என்று அழைப்பது தவறு. அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலம்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் காண்போம். ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1890ஆம் ஆண்டில் ஒரு பெருநூலை வெளியிட்டார். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்தில் எந்தச் சொல் எங்கெங்கு வருகிறது என்று காட்டும் சொல்லடைவு அது. ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் பின்னால் நிற்கும் எபிரேய, கிரேக்கச் சொற்களுக்கு அவர் வரிசை எண் கொடுத்தார். கிரேக்க எண்கள் 5624 வரை செல்கின்றன. நூலின் இறுதியில் அவ்வெண்களின் வரிசையில் ஒரு சுருக்கச் சொற்பட்டியலும் உண்டு. கணிப்பொறி என்பதே இல்லாத காலத்தில் இப்படி ஒரு நூலைச் செய்துமுடித்த உழைப்பை எவரும் போற்றவே செய்வர். குறை நூலினுடையது அன்று, அதைப் படிப்போர் முறையினுடையது.

ஸ்ட்ராங்கின் பட்டியலில் ஒரு கிரேக்கச் சொல்லுக்கு நேரே அதன் ஒலிப்பு இருக்கும். பிறகு அது எச்சொல்லிலிருந்து பிறந்தது என்ற குறிப்பும், சுருக்கமான விளக்கமும் இருக்கும். அதற்குப் பின் ஓர் அடையாளக் குறியிட்டு, ஆங்கிலச் சொற்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். அவ்வரிசை கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பாளர் அக்கிரேக்கச் சொல்லைப் பற்பல இடங்களில் எப்படியெல்லாம் ஆங்கிலமாக்கினர் என்பதன் கணக்கு மட்டுமே. நம்மவரோ அதைப் பொருட்பட்டியலாகக் கொள்கின்றனர். தமக்குப் பிடித்த ஒன்றைப் பொறுக்கி எடுத்து, "மூலத்தில் இதுதான்" என்கின்றனர்.

லோகோஸ் என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அதன் எண் 3056. அதற்கு நேரே வார்த்தை, கணக்கு, காரணம், வதந்தி, நூல், பேச்சு, செய்தி எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் இருபதுக்கும் மேல் உள்ளன. இவற்றுள் வதந்தியைப் பொறுக்கி யோவான் நற்செய்தியின் முதல் வசனத்தில் பொருத்தினால் என்ன ஆகும்? எவரும் அப்படிச் செய்யார் என்பீர்கள். அவ்வளவு வெளிப்படையாகச் செய்யமாட்டார்கள் என்பது மெய்யே. பிழை தெரியாத இடங்களில்தான் செய்கிறார்கள். தமிழில் இதற்கு இணை வேண்டுமானால் மாடு என்னும் சொல் போதும். நானூறாம் குறளில் அது செல்வத்தைக் குறிக்கிறது. தெருவில் அது கறவையைக் குறிக்கிறது. பழம்பாட்டில் பக்கம் என்ற பொருளிலும் வரும். அகராதியில் மூன்றும் அடுத்தடுத்து நிற்கும். பால்காரர் மாட்டை ஓட்டிவருகிறார் என்ற தொடருக்குச் செல்வத்தை ஓட்டிவருகிறார் என்று ஒரு மாணவன் உரையெழுதினால் நாம் மதிப்பெண் கொடுப்போமா?

இப்போது நம் தமிழ் வேதாகமத்தைப் பாருங்கள். 1871இல் நிறைவெய்திய ஹென்றி பவர் குழுவின் மொழிபெயர்ப்பு, இன்றும் புராட்டஸ்டண்டு சபைகள் பெரும்பாலானவற்றில் பழைய மொழிபெயர்ப்பு என்ற பெயரோடு வாசிக்கப்படும் தமிழுக்கு அடிப்படை. அதில் யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் லோகோஸ் என்பது வார்த்தை. ரோமர் பதினான்காம் அதிகாரத்தில், ஒவ்வொருவனும் கடவுள்முன் ஒப்புவிக்க வேண்டிய கணக்கு. அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் வசனத்தில், லூக்கா தாம் முன்னர் எழுதிய நூலைச் சுட்டுமிடத்தில், அதே லோகோஸ் பிரபந்தம் ஆகிறது! இலக்கிய வகைகளைத் தொண்ணூற்றாறு என்று எண்ணிய மரபில் வந்த நமக்கு அச்சொல்லின் பொருத்தம் சொல்லாமலே விளங்கும். ஒரே கிரேக்கச் சொல், மூன்று இடம், மூன்று தமிழ்ச் சொல். ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் அமர்ந்து, முன்னும் பின்னும் படித்து, இங்கே எது பொருந்தும் என்று முடிவு செய்திருக்கிறார். அம்முடிவைத்தான் செயலியின் நான்கு வரிகளைக் கொண்டு நம்மவர் ஒரு நொடியில் தள்ளிவிடுகின்றனர்.

மேடைகளில் மிகுதியும் கேட்பது அகபாவோ, ஃபிலேயோ என்னும் இரு வினைகளைப் பற்றிய விளக்கம். யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் இயேசு பேதுருவிடம் மூன்று முறை கேட்கிறார். முதல் இரு முறை அவர் கேட்பது அகபாவோ, பேதுரு சொல்வது ஃபிலேயோ. மூன்றாம் முறை இயேசுவும் ஃபிலேயோ என்றே கேட்கிறார். ஆங்கில வேதாகமத்தில் மூன்றிடத்தும் ஒரே சொல் நிற்பதால், ஆங்கிலம் மட்டும் படிப்போர்க்கு இவ்வேறுபாடு புலப்படாது. அவர்கள் எண்ணைத் தொட்டுப் பார்த்துத்தான் அறிய வேண்டும். ஆகவே அது ஆங்கிலச் சபைகளில் ஒரு கண்டுபிடிப்பாக வலம் வந்தது. அக்கண்டுபிடிப்பை இறக்குமதி செய்து தமிழ் மேடையில், தமிழ் வேதாகமம் மறைத்த உண்மை என்று முழங்குகின்றனர். கையிலுள்ள நூலைச் சற்றே விரித்துப் பார்த்தால் போதும். இயேசு கேட்கும் முதல் இரு கேள்விகளிலும் அன்பாயிருத்தல் என்ற சொல் உள்ளது. பேதுருவின் விடைகளில் நேசித்தல் என்ற சொல் உள்ளது. மூன்றாம் கேள்வியில் இயேசுவின் வாயிலும் நேசித்தலே வருகிறது. மறைந்திருந்ததாகச் சொல்லப்படுவது நூற்றைம்பது ஆண்டுகளாக அச்சில் இருக்கிறது. தமிழைத் தமிழாகப் படிக்காதவர்க்கு அது தென்படவில்லை, அவ்வளவே.

இனி, அவ்வேறுபாட்டின்மேல் அவர்கள் எழுப்பும் மாளிகை எத்தகையது? அகபாவோ என்றால் கைம்மாறு கருதாத தெய்வ அன்பு, ஃபிலேயோ என்றால் வெறும் நட்பு என்பர். அப்படியானால் பரிசேயர் முதன்மையான இருக்கைகளை விரும்பினர் என்று லூக்கா பதினோராம் அதிகாரத்தில் வருமிடத்தில் உள்ள அகபாவோ எவ்வகைத் தெய்வ அன்பு? பவுலைக் கைவிட்டு உலகத்தின்மேல் ஆசைவைத்துச் சென்ற தேமாவின் செயலைக் குறிப்பதும் அதே வினைதான். பழைய ஏற்பாட்டின் பண்டைக் கிரேக்க மொழிபெயர்ப்பில் அம்னோன் தன் உடன்பிறந்தாள்மேல் கொண்ட தகாத வேட்கைக்கும் அச்சொல்லே ஆளப்பட்டிருக்கிறது. மேலும், பிதா குமாரன்பால் கொண்ட அன்பை யோவான் மூன்றாம் அதிகாரத்தில் அகபாவோ என்றும், ஐந்தாம் அதிகாரத்தில் ஃபிலேயோ என்றும் எழுதுகிறார். அவ்விரண்டிடத்தும் தமிழாக்கியோர் அன்பு என்ற ஒன்றையே வைத்தனர். இருக்கை விரும்பியோர்க்கு விருப்பம் என்றும், தேமாவுக்கு ஆசை என்றும் பிரித்து எழுதினர். வேறுபடுத்த வேண்டிய இடத்தில் வேறுபடுத்தியும், வேண்டாத இடத்தில் விட்டும் சென்ற அப்பெரியோரின் நிதானம் இன்று செயலி வைத்திருப்போரிடம் இல்லை.

சொல் பிறந்த வேரைக் கொண்டு பொருள் சொல்லும் ஆசையும் இதே வகையினதே. ரோமர் முதல் அதிகாரத்தில் தமிழ் தேவபெலன் என்று கூறுமிடத்தில் கிரேக்கச் சொல் துனமிஸ். அதிலிருந்துதான் டைனமைட் வந்தது, ஆகவே நற்செய்தி ஒரு வெடிமருந்து என்று பேசுவோர் உளர். ஆல்பிரட் நோபெல் தாம் கண்ட வெடிமருந்துக்கு அப்பெயரிட்டது 1867இல். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய பவுல் பாறை பிளக்கும் தொழிலை மனத்திற்கொண்டா எழுதினார்? எக்ளேசியா என்னும் சொல்லைப் பிரித்து, வெளியே அழைக்கப்பட்டோர் என்று விளக்குவோரும் இப்படியே. எபேசு நகரில் ஆரவாரம் செய்த கூட்டத்தையும் அப்போஸ்தலர் நடபடிகளின் பத்தொன்பதாம் அதிகாரம் அச்சொல்லால்தான் குறிக்கிறது. அக்கூட்டத்தைக் கடவுள் எங்கிருந்து வெளியே அழைத்தார்?

இம்முறையைத் தமிழுக்குப் பொருத்தினால் நகைப்பே விளையும். நேசம் என்பது ஸ்நேகம் என்னும் வடசொல் வழிவந்தது. வடமொழியில் அதற்கு எண்ணெய்ப் பசை என்றும் ஒரு பொருள் உண்டு. ஆகவே பேதுரு தம் தலைவருக்கு எண்ணெய் பூசுவதாகச் சொன்னார் என்று உரை செய்யலாமா? நாற்றம் என்பது குறளில் மொட்டினுள் அடங்கிய மணம். இன்று சாக்கடையின் வாடை. நாற்காலிக்குக் கால் நான்கு, ஆயினும் கால் நான்குடைய ஆட்டை எவரும் நாற்காலி என்பதில்லை. காரணப்பெயர்க்கும் வழக்கே எல்லை என்பதை நன்னூல் படித்த மாணவனும் அறிவான். சொல்லுக்குப் பொருள் அமைந்த காரணம் எளிதில் புலப்படாது என்று தொல்காப்பியர் உரியியலில் எச்சரித்து வைத்தார். மேலைநாட்டில் ஜேம்ஸ் பார் என்னும் அறிஞர் 1961இல் ஒரு நூல் முழுவதும் எழுதி, வேதாகமச் சொல்லாய்வில் இத்தகைய பிழைகளை எடுத்துக்காட்டினார். அந்நூல் இறையியல் உலகில் பெரும் அதிர்வை உண்டாக்கியது. தொல்காப்பியரைக் கற்ற நமக்கு அவ்வதிர்வு நேர்ந்திருக்கத் தேவையில்லை.

வேறொரு குறையும் உண்டு, தமிழாசிரியர் இதை உடனே உணர்வர். அந்த எண் சொல்லின் அடிவடிவத்தை மட்டும் காட்டுகிறது. காலம், இடம், எண், வேற்றுமை எதையும் அது சொல்வதில்லை. வருவான் என்பதற்கும் வாரான் என்பதற்கும் தமிழகராதியில் பார்க்க வேண்டிய சொல் வா என்பதே. வா என்பதற்குப் பொருள் பார்த்துவிட்டு, வாரான் என்ற செய்தி கேட்டவன் விருந்துக்கு இலை போட்டால் என்னாகும்? கிரேக்க வினையும் தமிழ் வினையைப்போல விகுதிகளால் பொருள் தருவது. மத்தேயு நற்செய்தியின் இறுதிக் கட்டளையில் போதல், சீடராக்குதல், திருமுழுக்களித்தல், கற்பித்தல் என நான்கு செயல்கள் வருகின்றன. அவற்றுள் கிரேக்கத்தில் முற்றாக நிற்பது சீடராக்குங்கள் என்ற ஏவல் ஒன்றே; ஏனைய மூன்றும் எச்சம் போன்றவை. தமிழாக்கத்தில் புறப்பட்டுப்போய் என்பது எச்சமாகப் பொருத்தமாகவே அமைந்தது. ஆயினும் தொடரின் முற்று கடைசியில் உள்ள உபதேசம்பண்ணுங்கள் என்பதற்குச் சென்றுவிட, சீடராக்குதலும் எச்சமாகிவிட்டது. தலைமைச் செயல் எது என்பது இதனால் மாறித் தோன்றுகிறது. இங்கேதான் தமிழ் வாசகனுக்குக் கிரேக்கம் மெய்யாகவே வேண்டியிருக்கிறது! எண்ணைத் தொட்டவர்க்கோ நான்கு வினையடிகள் கிடைக்கும். முற்றும் எச்சமும் கிடையா. கிரேக்கம் உதவக்கூடிய இடத்தில் செயலி கைவிட்டு, உதவி வேண்டாத இடத்தில் உபதேசம் செய்கிறது.

ஸ்ட்ராங்கின் பட்டியல் சுருக்கமானது, அதற்கு மேல் விரிவான அகராதியும் செயலியில் உண்டே என்று சிலர் சொல்வர். புளூ லெட்டர் பைபிள் போன்ற செயலிகள் ஜோசப் ஹென்றி தேயர் 1880களில் ஆங்கிலத்தில் வெளியிட்ட அகராதியைத் தருகின்றன. தம் காலத்தில் அது சிறந்த நூல். ஆனால் எகிப்திய மணலிலிருந்து அன்றாடக் கடிதங்களும் பற்றுச்சீட்டுகளும் எழுதப்பட்ட பாப்பிரசு ஏடுகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்ததும், அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டின் மொழி அக்காலப் பொதுமக்கள் பேசி எழுதிய கிரேக்கமே என்று அடோல்ஃப் டைஸ்மான் 1895 முதல் நிறுவியதும் அதற்குப் பின்னரே. புறநானூற்றை உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தது 1894இல். 1862இல் அச்சான வின்சுலோ அகராதியை மட்டும் துணைக்கொண்டு இன்று ஒருவர் புறநானூற்றுக்கு உரை காண முனைந்தால் நாம் என்ன சொல்வோம்? பாப்பிரசுகளையும் கணக்கிற்கொண்ட வால்டர் பவரின் அகராதி, மூன்றாம் ஆங்கிலப் பதிப்பாக 2000இல் வந்திருக்கிறது. அதற்குப் பதிப்புரிமை உண்டு, விலையும் மிகுதி. பழைய நூல்களுக்கு உரிமை முடிந்துவிட்டதால் செயலிகள் அவற்றை இலவசமாக ஏற்றிக்கொள்கின்றன. இலவசமாகக் கிடைப்பது எதுவோ அதுவே மூலபாஷை என்றாகிவிட்டது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. குருமாரும் கல்லூரிகளும் மட்டும் வைத்திருந்த கல்வி இன்று ரயிலில் செல்லும் தொழிலாளியின் கைக்கும் வந்திருக்கிறது, அதைத் தடுப்பது பழைய பூட்டை மீண்டும் பூட்டுவதாகாதா என்பர். நான் பூட்டச் சொல்லவில்லை. கைக்கு வந்திருப்பது திறவுகோல்தானா என்றுதான் கேட்கிறேன். கிரேக்க எழுத்தறியாத தமிழன் 1611ஆம் ஆண்டின் ஆங்கிலத்துள் நுழைந்து, அங்கிருந்து 1890ஆம் ஆண்டின் ஆங்கிலத்துக்குச் சென்று, அதை இந்நாளைய தமிழில் அரைகுறையாகப் பெயர்த்துத் திரும்புகிறான். சுற்றிவந்த இவ்வழியில் அவன் கிரேக்க மண்ணை மிதிக்கவேயில்லை. மூலத்தை மெய்யாகவே விரும்பும் தொழிலாளிக்கு நாம் செய்யும் அநீதி இது.

தமிழில் நேர்வழி இருந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். சீகன்பால்கு தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து தமிழாக்கி 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சிட்டார். பிரிக்பீல்ட்ஸின் சுல்தான் அப்துல் சமாட் சாலையில் நிற்கும் சீயோன் லுத்தரன் ஆலயத்தார் அத்தரங்கம்பாடி மரபின் வழிவந்தோர். பப்ரீஷியஸ் வேதாகமத்தையும் மொழிபெயர்த்தார், 1779இல் தமிழ் ஆங்கில அகராதியையும் வெளியிட்டார். ஒரே மனிதர் இரண்டையும் செய்தார். அவருக்கு முன்பே வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியைத் தந்தார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது உடனிருந்து உதவியவர் சைவம் வளர்த்த ஆறுமுக நாவலர். வேதாகமத் தமிழ் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுங்கும் தமிழாசிரியர் நாவலரை நினைத்துப் பார்த்தல் நன்று.

நம் ஊரிலும் சான்று உண்டு. பிரிக்பீல்ட்ஸிற்கு அணித்தே லெம்பா பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்றிருந்த தனிநாயகம் அடிகள், 1966இல் முதல் உலகத்தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார் என்பது பலர்க்கும் தெரியும். அதே ஆண்டில் அவர் வேறொன்றும் செய்தார். அந்தாம் தெ புரோயென்சா என்னும் பாதிரியார் தொகுத்து, 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ் போர்த்துகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பாக வெளியிட்டார். தமிழுக்கும் ஐரோப்பிய மொழிக்கும் இடையே ஆங்கிலம் நிற்காத அகராதி அது. மாநாட்டைப் பாடத்தில் வைத்தோம், அகராதியை மறந்தோம்.

கருவியில்லை என்ற சாக்கும் செல்லாது. கைப்பேசியில் தமிழ் எழுதும் செல்லினத்தை 2005இல் தந்த முத்து நெடுமாறன் இந்நாட்டவர். அவருடைய முரசு அஞ்சல் 1985இலேயே பிறந்தது. எழுத்து நம்மிடம் இருக்கிறது, நிரப்ப வேண்டிய செய்தியே குறைவு. சிரம்பானில் உள்ள மலேசிய இறையியல் கல்லூரியில் கிரேக்கம் கற்ற போதகர் நம்மிடையே உளர். யாப்பும் இலக்கணமும் கற்ற ஆசிரியர் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் உளர். இவ்விரு சாராரும் ஒரு மேசையில் அமர்வதில்லை. போதகர் தமிழறிந்தாரை நாடுவதில்லை. ஆசிரியரோ, அது கோயில் விவகாரம் என்று விலகிக்கொள்கிறார்.

எல்லாச் சொற்களையும் ஒருங்கே செய்ய வேண்டும் என்பதில்லை. யோவான் எழுதிய முதல் நிருபத்தில் தொடங்கலாம். அதன் சொற்றொகை முந்நூறுக்கும் குறைவு, நடையும் எளிது. அகபாவோ என்ற தலைச்சொல்லைத் தமிழெழுத்தில் வைத்து, அதன்கீழ் யோவான் இருபத்தொன்றில் அன்பாயிரு, லூக்கா பதினொன்றில் விரும்பு, தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் ஆசைவை என இடம் சுட்டி எழுதவேண்டும். 1715, 1871 ஆகிய பதிப்புகளும், 1995இல் வந்த திருவிவிலியமும் எங்கெங்கு வேறுபடுகின்றன என்பதற்கு ஒரு வரி வேண்டும். வினை அவ்விடத்தில் முற்றா எச்சமா என்பதற்கு ஒரு வரி வேண்டும். அன்பு என்றார்களே, பரிமேலழகர் தொடர்பு பற்றாதது என்று பிரித்துக்காட்டும் அருளை ஏன் கொள்ளவில்லை என்ற வினாவுக்கும் இரண்டு வரி ஒதுக்கலாம். அதை எழுத வேண்டியவர் தமிழாசிரியர். இவ்வளவும் ஒரு கைப்பேசித் திரையில் அடங்கும்.